இமயமலைப் புல்வெளிப் பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்கு மலையேறக் கிளம்புபவர்கள் காலணியையும் மழை அங்கியையும் பற்றி விசாரிக்கும் அளவுக்கு, வழியில் எதிர்ப்படும் செடிகளையும் விலங்குகளையும் பற்றி விசாரிப்பதில்லை. பல தவறுகளுக்குக் காரணம் இந்த அலட்சியமே.

படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிப் பூக்களுக்கு நடுவே உட்காருவது பலரும் செய்யும் தவறு. 3,000 மீட்டருக்கு மேல் உள்ள இந்தப் புல்வெளியைப் பனி மூடியிருக்கும் மாதங்களே அதிகம் என்பதால், துளிர்த்துப் பூத்து விதை முற்றுவதற்குச் செடிகளுக்குக் கிடைப்பது ஒரு குறுகிய கோடைதான். அதற்குள் மிதிபட்ட செடிக்கு அந்த ஆண்டில் இன்னொரு வாய்ப்பு இல்லை. இமயத்தில் பூக்கும் பிரம்ம கமலத்தைப் பூஜைக்கென்று பறிப்பதும் விதையைப் பறிப்பதற்குச் சமம். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்கா என்பதால் அது சட்டப்படி குற்றமும்கூட.

அதைவிட ஆபத்தானது, மூலிகை என்று நம்பி வாயில் போட்டுக்கொள்வது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அதிவிடயம் இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் விளையும் ஒரு செடியின் கிழங்கு. அதே பேரினத்தைச் சேர்ந்த கொடிய நஞ்சுச் செடிகளும், முக்காடு போட்டது போன்ற நீலப் பூக்களுடன், அதே சரிவுகளில் வளர்கின்றன. வச்சநாபியும் அவற்றின் உறவே. கடித்தவருக்கு முதலில் நாக்கும் உதடும் மரத்துப்போகும். பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். சித்த மருத்துவத்தில் வச்சநாபியை நஞ்சு தணியச் சுத்தி செய்த பிறகே பயன்படுத்துவார்கள் என்பதை நினைவில் வைத்தால், பச்சையாக ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்கும் எண்ணமே எழாது. வெறுங்கையால் கசக்கவும் வேண்டாம். அந்த நஞ்சு தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும்.

கொடைக்கானல் மலைப்பாதையில் குரங்குக்கு பிஸ்கட் வீசிய பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. மிச்ச உணவின் வாசனை கரடியை இழுக்கும். மலர்ப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியில், புல்னா கிராமத்திலிருந்து காங்கரியா கிராமத்துக்கு ஏறும் பாதையைச் சுற்றியுள்ள காடு இமயமலைக் கருங்கரடியின் வாழிடம். கரடியைக் கண்டதும் ஓடுவதும் மரத்தில் ஏறுவதும் தவறு, ஏனெனில் இரண்டிலும் அது நம்மை மிஞ்சும். முதுகைக் காட்டாமல், தணிந்த குரலில் பேசியபடி, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

வரையாட்டை ஒத்த தார் ஆடுகள் மேல்சரிவில் மேயும்போது அவற்றைக் கூச்சலிட்டு விரட்டினால், குளம்படியில் பெயரும் கற்கள் கீழே பாதையில் வருபவர்கள் மீதே விழும். மற்ற மலைப்பாதைகளில் ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய நாய்களை, வீட்டு நாய் என்று எண்ணித் தடவப் போக வேண்டாம். சிறுத்தையை எதிர்கொள்ள கழுத்தில் முள் பட்டை கட்டி வளர்க்கப்படுபவை அவை. மந்தைக்குள் புகாமல் தூரத்திலேயே நின்று இடையரைக் கூப்பிட்டு, அவர் நாயை அடக்கிய பிறகே கடக்க வேண்டும்.