டாக்டரிடம் கருத்தடை மாத்திரையை மறைக்காதீர்கள்

மாதவிடாய் ஒழுங்காக வராத பிள்ளைகளுக்கு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால், டாக்டர்களே கருத்தடை மாத்திரை எழுதித் தருவதுண்டு. ஆனால் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ காய்ச்சலுக்கு வேறு டாக்டரைப் பார்க்கும்போது, பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சே வாயில் வராது. "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியாம்மா?" என்றால், "இல்லைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தங்கச்சிகளா, கட்டாயம் சொல்லுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பினைட்டாயின், கார்பமசெபைன் எல்லாம் இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். கண்ணில் மின்னல் கோடு தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்தது, இவையும் டாக்டருக்குத் தெரியவேண்டும். ஆபரேஷன் என்றால் இன்னும் முக்கியம்.

சொல்லக் கூச்சமா? அட்டையின் பின்பக்கத்தை, மருந்தின் பெயர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைத்து நீட்டிவிடுங்கள். "டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்" என்று நர்ஸ் அக்காவிடம் கேட்பதிலும் தப்பே இல்லை.

அப்புறம், இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.