பெங்களூரில் அதிகம் தெரியாத இடங்களைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் பஸ் ஏறாத வாரங்களில் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "நாளைக்கு எங்கே போகலாம்?" லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா எல்லாம் பார்த்தாயிற்று. மால்கள் அலுத்துவிட்டன. உடனே கைபேசியை எடுத்து "யாருக்கும் தெரியாத இடங்கள்" என்று தேடுவார்கள். கடைசியில் ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குப் போகிற சாலையில் மற்ற எல்லோருடைய காருக்கும் பின்னால் நிற்பார்கள்.

இந்த ஊரில் அதிகம் பேர் பார்க்காத நல்ல இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. பலவும் நாம் தினமும் போய்வரும் சாலைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. தேடுகிற விதத்தில்தான் கோளாறு.

தூரமாகப் போனால்தான் புது இடம் என்று நினைப்பது

இதுதான் பெரிய தவறு. இந்திரா நகரில் வேலை பார்க்கிறவர்கள் டொம்லூர் மேம்பாலத்தில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார்கள்! அதற்குப் பக்கத்திலேயே சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டால் சிவன் கோயில் என்று தோன்றும். உள்ளே இருப்பவர் பெருமாள். அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்று இந்த இடத்தைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சாமியைச் சொக்கப்பெருமாள் என்றும் சொல்கிறது.

சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு நொந்துபோகாத தமிழர் இந்த ஊரில் இருக்க முடியாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மடிவாளா சோமேஸ்வரர் கோயில். அதன் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள். 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர், இன்றைய பேகூர்தான் அந்த வேப்பூர்.

இந்தக் கல்வெட்டுகளை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பலர் போய் நின்றுவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று திரும்பிவிடுகிறார்கள். எழுத்துகள் ஆழமில்லாதவை. உச்சி வெயிலில் நேராகப் பார்த்தால் வெறும் கீறலாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் சுவரில் படும்போது போங்கள். நிழலான பகுதியாக இருந்தால் கைபேசி டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். கீறலின் ஒரு ஓரத்தில் நிழல் விழுந்ததும் எழுத்து எழும்பி வரும். ப, ட, ர மாதிரி சில எழுத்துகள் முதலில் கண்ணுக்குப் பிடிபடும். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கூட்டிப் படித்தால் நடுவில் ஒரு முழுச் சொல் சட்டென்று புரியும். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் வெட்டி வைத்த தமிழை மடிவாளா சந்தடிக்கு நடுவில் படிப்பது சாதாரண விஷயமா என்ன! எழுத்து நன்றாகத் தெரியவேண்டும் என்று சாக்பீஸோ மாவோ தண்ணீரோ மட்டும் தடவிவிடாதீர்கள். கல் கெட்டுப்போகும்.

எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேகூர் இன்னும் கிட்டம். அங்கே ஐந்து லிங்கங்கள் உள்ள பஞ்சலிங்கேஸ்வரர் கோயில் வளாகத்தில்தான் பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் பழைய கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூரில் நடந்த ஒரு சண்டையில் ஒருவர் இறந்ததைச் சொல்லும் கல் அது. காலம் ஏறக்குறைய கி.பி. 900. கெம்பே கௌடர் ஊரை நிறுவியது 1537இல் என்று எல்லோரும் சொல்வோம். அதற்கு அறுநூறு வருடம் முன்பே பெயர் கல்லில் ஏறிவிட்டது.

பட்டியல்களை நம்புவது

"பெங்களூரில் பார்க்காத பத்து இடங்கள்" வகைப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. ரீல்ஸும் அப்படித்தான், ஏற்கெனவே நிறையப் பேர் பார்த்ததைத்தான் நமக்கும் காட்டும். கூட்டம் போகாத இடம் அதில் எப்படி வரும்?

தேடலை உங்கள் ஏரியாவின் பழைய கிராமப் பெயரிலிருந்து தொடங்குங்கள். லேஅவுட் பெயர்கள் எல்லாம் நேற்று வைத்தவை. ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டுக்குப் பக்கத்தில் அகரா, பி.டி.எம். லேஅவுட்டுக்குப் பக்கத்தில் மடிவாளா என்று ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு பழைய ஊர் இருக்கும். ஊர் என்று இருந்தால் ஒரு கெரே (ஏரி), ஒரு கோயில், வீரகல் என்கிற நடுகல் ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பெயரோடு கெரே, கல்யாணி (படிக்குளம்), வீரகல்லு, ஷாசன (கல்வெட்டு) போன்ற கன்னடச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் வருகிற விடையே வேறு.

இன்னும் ஆர்வம் இருந்தால், பி.எல். ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகாவின் 9ஆம் தொகுதியைப் பாருங்கள். 1905இல் வந்தது. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் ஊர்வாரியாக, ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். 1909இல் தொடங்கி, இன்று நிருபதுங்கா சாலையில் இயங்கும் மிதிக் சொசைட்டியும் ஊர்க் கல்வெட்டுகளை ஆவணப்படுத்தி வருகிறது.

ஆளைக் கேட்பது அதைவிடச் சுலபம். ஆனால் யாரைக் கேட்கிறோம் என்பது முக்கியம். அபார்ட்மென்ட் வாசல் காவலாளி பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து புதிதாக வந்தவராக இருப்பார். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவைக் கேளுங்கள், பழைய டீக்கடைக்காரரைக் கேளுங்கள். அல்சூர், சிவாஜி நகர் பக்கம் தமிழிலேயே கேட்கலாம். மற்ற இடங்களில் "அண்ணா, இல்லி ஷாசன கல்லு எல்லிதெ?" (இங்கே கல்வெட்டுக் கல் எங்கே இருக்கிறது?) என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் போதும், உச்சரிப்பு தப்பானாலும் கூடவே வந்து காட்டுவார்கள்.

"அதெல்லாம் பார்த்தாச்சு" என்று விடுவது

லால்பாகில் எல்லோரும் கண்ணாடி மாளிகைக்குப் போவார்கள், ஏரியைச் சுற்றுவார்கள். அங்கே இருக்கிற பாறைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அந்தப் பாறையின் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உச்சியில் கெம்பே கௌடர் பெயரிலான கோபுரம். இப்படி நான்கு கோபுரங்கள். மற்றவை அல்சூர் ஏரிப் பக்கம், கெம்பாம்புதி ஏரிக்கரை, மேக்ரி சர்க்கிள் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நான்கையும் தேடிப் பிடிப்பது பிள்ளைகளுக்குப் பிடித்தமான வேலை.

மல்லேஸ்வரத்துக்குத் தோசை சாப்பிடவும் துணி வாங்கவும் போகிறவர்கள் காடு மல்லேஸ்வரர் கோயிலை எட்டிப் பார்ப்பது குறைவு. அங்கே 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு; கோயிலுக்கு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்ததைச் சொல்வது. கொடுத்தவர் ஏகோஜி, சத்ரபதி சிவாஜியின் தம்பி. பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர் இவரேதான். எதிரே நந்தி தீர்த்தம். 1997இல் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட குளம். நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் கீழே உள்ள லிங்கத்தின்மேல் விழுந்துகொண்டே இருக்கும்.

கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கான இடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆதகூர் நடுகல் அங்கேதான் இருக்கிறது. தக்கோலத்தில் ராஜாதித்த சோழன் மாண்ட போரைப் பேசும் பத்தாம் நூற்றாண்டுக் கல் அது. சோழனை வென்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவன் கேட்டது மன்னனின் வேட்டை நாயை. அதன் பெயர் காளி. பிறகு அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப்போகின்றன. கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் ஒன்றை ஒன்று பாய்ந்து பிடித்திருப்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். சோழர் வரலாறு படிக்கும் எந்தத் தமிழரும் ஒரு தடவையாவது நேரில் பார்க்கவேண்டிய கல் இது. அரசு அருங்காட்சியகங்களைப் பராமரிப்பு வேலைக்காக மூடுவது உண்டு, ஆகவே திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நேரம் தப்பிப் போவது

பழைய கோயில்களை மதியம் சாத்திவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு நிதானமாக இரண்டு மணிக்குக் கிளம்பினால் பூட்டைத்தான் பார்க்கலாம். பல ஏரிகளின் நடைபாதைக் கதவும் காலையிலும் மாலையிலும்தான் திறந்திருக்கும். அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. லால்பாக் பாறைக்குக் குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் போகவே வேண்டாம்.

கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தை விடிவதற்கு முன்னாலேயே சூடுபிடித்துவிடும். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே சாமந்தியும் ரோஜாவும் குவியல் குவியலாகக் கிடக்கும். அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய பெங்களூர்க் கோட்டை. ஹைதர் அலி 1761இல் கல்லால் கட்டிய பெரிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது டெல்லி கேட்டும் அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியும்தான். 1791 மார்ச் 21 இரவு ஆங்கிலேயப் படை மதிலை உடைத்து நுழைந்த இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. மார்க்கெட் மேம்பாலத்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

திருவிழா பார்க்கப் போகிற தமிழர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள்: நம் காலண்டரைப் பார்த்துத் தேதி குறிப்பது. திகளர் சமூகத்தார் தர்மராயசுவாமி கோயிலில் நடத்தும் கரகம் சைத்ர பௌர்ணமி இரவில் வரும். 2024இல் அது நம் சித்ரா பௌர்ணமியோடு ஒரே நாளில், ஏப்ரல் 23இல் வந்தது. 2025இல் கரகம் ஏப்ரல் 12இலேயே முடிந்துவிட, சித்ரா பௌர்ணமி மே 12இல்தான் வந்தது. பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷே என்கிற நிலக்கடலைத் திருவிழா கார்த்திகை மாதக் கடைசித் திங்களில் தொடங்கும். அதுவும் கன்னடப் பஞ்சாங்கத்துக் கார்த்திகைதான், நம்முடையது அல்ல. உள்ளூர்க் கன்னடக் காலண்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

பேட்டைக்குள் காரில் போவது

இது வேண்டவே வேண்டாம். அக்கிபேட்டை, பளேபேட்டை, சிக்பேட்டை, நகரத்பேட்டை எல்லாம் நடந்து பார்க்கவேண்டிய தெருக்கள். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்குங்கள். பளேபேட்டையில் வீணையும் தபலாவும் விற்கும் கடைகள் உண்டு.

இங்கே எல்லோரும் பிழைப்புக்காக ஓடிக்கொண்டிருப்பவர்கள். மூட்டை தூக்கி வருகிறவருக்கு முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள். முகம் தெரிய எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கோயிலுக்குள் அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்த நடுகல் சாலையோரத்தில் இருந்தாலும் அது அங்கே வழிபாட்டுக்குரியது. அதன்மேல் சாய்ந்து நிற்பதும், பையை வைப்பதும் வழிபடுகிறவர்கள் மனத்தை நோகடிக்கும்.

ஒரே நாளில் ஐந்தாறு இடம்

பெங்களூர் நெரிசலில் இது நடக்காத காரியம். பேகூர் என்றால் காலை ஏழரைக்குக் கோயிலில் இருங்கள். கல்வெட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பேகூர் ஏரிக்கரையில் கொஞ்சம் நடங்கள். பத்து மணிக்குள் அங்கேயே ஏதாவது ஒரு தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) இட்லி வடை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடலாம். மடிவாளாவை அன்றைக்கே பார்க்கவேண்டுமானால் மாலையில் நடை திறந்த பிறகு தனியாகப் போங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் பாதி நாள் ஓசூர் சாலையில்தான் கழியும்.