ஈரக்காத்துல ஜெட் மாடல்: டீக்கல் வெள்ளை பூக்காம ஒட்டுறது எப்படி

வீடு மலேசியாவுல, பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்துல. காலையில கோப்பி ஆத்துறப்பவே தலைக்கு மேல ஹார்னெட் போர் விமானம் போகும், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுன்னு ஆடும். 1997-ல நம்ம ஆகாயப் படை வாங்குன 8 எஃப்/ஏ-18டி ஹார்னெட் இங்கதான் இருக்கு. அதுக்கு முன்னாடி இதே தளத்துல ஆஸ்திரேலியாக்காரங்க மிராஜ் ஜெட் ஓட்டுனாங்க, 1988-லதான் தளம் நம்ம கைக்கு வந்துச்சு, அந்தச் சத்தத்த எங்க அப்பா இன்னிக்கும் சொல்வாரு. சரி, கதைக்கு வர்றேன். அக்கா மகன் ஒருநாள் மேல பாத்துட்டு "மாமா, இது ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னான், நானும் 1/72 கிட் (நிஜத்துல 72-ல ஒரு பங்கு அளவு, பாகம் பாகமா ஒட்டிச் செய்யுறது) ஒண்ணு வாங்கிட்டேன்.

முதல் ஹார்னெட் பாழாப் போச்சு. மேல பாலாடை படிஞ்ச மாதிரி வெள்ளை, டீக்கலுக்கு, அதாவது தண்ணியில நனைச்சு ஒட்டுற அடையாளப் படத்துக்கு, அடியில வெள்ளி வெள்ளியா புள்ளி. இப்ப மேசையில நிக்கிறது நாலாவது ஜெட். வெள்ளை எங்கேருந்து வந்துச்சுன்னு புரிஞ்சதாலதான் இத எழுதுறேன், மத்தபடி பாகத்த வெட்டி எடுக்குறது, நம்பர் பாத்து ஒட்டுறது எல்லாம் மேனுவல்லயே இருக்கு.

சாமான்

நல்ல சைட் கட்டர் ஒண்ணு, இதுல காசு பாக்காதீங்க, மலிவுக் கட்டர் பிளாஸ்டிக்க கடிச்சுத் துப்பும். கத்தி, 400, 800, 1000 நம்பர் உப்புத்தாள், டாமியா மாஸ்கிங் டேப். பசைக்கு டாமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்டது. கெட்டியான பசை ட்யூப் கிட்டயே போகாதீங்க, விரல் ரேகை எல்லாம் இறக்கையில பதிஞ்சிடும். டீக்கலுக்கு மிஸ்டர் மார்க் செட்டர், மிஸ்டர் மார்க் சாஃப்டர் (முதலாவது டீக்கல ஒட்ட வைக்கிறது, ரெண்டாவது இளக வைக்கிறது) ரெண்டும் வேணும், ஒண்ணு போதும்னு கடைக்காரர் சொன்னாலும் ரெண்டும் வாங்குங்க. அப்புறம் ஒரு ஈரப்பதமானி, சின்னதா மேசையில வைக்கிறது. மாடல் கடையில இத யாரும் சொல்ல மாட்டாங்க, எனக்கு ரொம்ப உதவுனது இதுதான்.

ஒட்டுறது

எக்ஸ்ட்ரா தின்ன பாகத்துல பூசிட்டு ஒட்டக் கூடாது. ரெண்டு பாகத்தையும் சேத்துப் புடிச்சு, இடுக்குல பிரஷ் நுனிய தொட்டா தானா ஓடிப் போய் இழுத்துக்கும். ஹார்னெட்டுல கவனிக்க வேண்டியது ரெண்டு. வால் செங்குத்தா நிக்காது, ரெண்டும் வெளிப்பக்கமா 20 டிகிரி சாஞ்சிருக்கும், அதனால அட்டையில அந்தக் கோணத்த வெட்டி முட்டுக் குடுத்துட்டு ஒட்டுங்க, இல்லன்னா ஒண்ணு நிமிந்தும் ஒண்ணு தூங்கியும் நிக்கும். ரெண்டாவது பின் சக்கரக் கால், நிஜ விமானத்துலயே முட்டிய மடக்குன மாதிரி கோணல்மாணலா இருக்கும், பசை போடாம ரெண்டு மூணு தடவ பொருத்திப் பாருங்க.

காக்பிட் கண்ணாடிக்கு சூப்பர் குளு வேணவே வேணாம், அதோட ஆவி பட்டா கண்ணாடி உள்பக்கம் புகைஞ்சு போயிடும். பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கொண்டுபோற வெள்ளைப் பசை போதும்.

பெயிண்ட்

என் பெட்டியில வந்தது அமெரிக்கக் கடற்படை டீக்கல், நம்ம ஊர் அடையாளம் வேணும்னா தனியாத் தேடணும், முதல் கிட்டுக்கு அந்த ஆசை வேணாம். மேல எஃப்எஸ் 36320, கீழ எஃப்எஸ் 36375 (எஃப்எஸ்ங்கிறது அமெரிக்க அரசாங்கத்தோட கலர் நம்பர்), ரெண்டுமே சாம்பல். மிஸ்டர் கலர் பெயிண்ட்ல 307, 308. கலக்குறதுக்கு அதே கம்பெனியோட லெவலிங் தின்னர எடுங்க, அதுல காயுறத மெதுவாக்குற சரக்கு இருக்கு, ஏன்னு கீழ வரும். டாமியா அக்ரிலிக்க பிரஷ்ஷால அடிக்கப் பாக்காதீங்க, ரெண்டாவது தடவ இழுத்தா அடியில இருக்குறது பேந்து வரும். ஸ்ப்ரே பண்றப்ப ஆவி வடிகட்டுற மாஸ்க் போடுங்க, ஆஸ்பத்திரி மாஸ்க் உதவாது.

கிளியர், அதுக்கப்புறம் டீக்கல்

நான் விழுந்த குழி இதுதான், அதனால மெதுவாப் போறேன்.

சாம்பல் பெயிண்ட் காஞ்சா முழுப் பளபளப்பு இருக்காது. கண்ணுக்கு வழவழன்னு தெரிஞ்சாலும் உப்புத்தாள் மாதிரி மேடு பள்ளம். அது மேல டீக்கல ஒட்டுனா பள்ளத்துல காத்து மாட்டிக்கும், வெளிச்சம் பட்டா வெள்ளியாத் தெரியும். அதனால முதல்ல பளபளப்புக் கிளியர் (நிறமில்லாத பூச்சு), அது மேல டீக்கல், கடைசியில மேட், அதாவது பளபளப்பு இல்லாத கிளியர். இந்த வரிசை எல்லாருக்கும் தெரியும், நானும் அப்படியேதான் செஞ்சேன், ஆனா அடிச்ச நாள் மழை விட்ட சாயங்காலம், அக்டோபர் மாசம். பினாங்குப் பக்கம் செப்டம்பர், அக்டோபர்லதானே மழை ஊத்தும். அடிச்ச பத்தே நிமிஷத்துல மொத்த ஜெட்டும் வெளுத்துப் போச்சு.

தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கிளாஸுக்கு வெளிய தண்ணி முத்து முத்தா நிக்கும் பாருங்க, அதேதான் இது. தின்னர் வேகமா ஆவியாகுறப்ப அந்த இடம் குளுந்து போகுது, காத்துல இருக்குற ஈரம் அங்க படியுது, கிளியர் அதையும் சேத்துக்கிட்டு காயுது. மெதுவா ஆவியாகுற தின்னர் எடுத்தா அவ்ளோ குளுறாது, லெவலிங் தின்னர் சொன்னது அதுக்குத்தான். இப்ப என் வழக்கம், ஈரப்பதமானி 70 சதவீதத்துக்கு மேல காட்டுனா கிளியர் டப்பாவத் தொடவே மாட்டேன். மழை இல்லாத நாள்ல மதியம் ரெண்டு, மூணு மணிதான் நல்ல நேரம். வெளுத்துப் போனதத் தூக்கிப் போடவும் வேணாம், காஞ்ச நாள் பாத்து லெவலிங் தின்னர மட்டும் பனி மாதிரி லேசா தூவுனா மேல்படலம் இளகி ஈரத்த விட்டுடும், பாதிக்கு மேல சரியாயிடும்.

கிளியர் முழுசா ஒரு நாள் காயட்டும், மழைக்காலம்னா ரெண்டு நாள்.

டீக்கல வெட்டி வெதுவெதுப்பான தண்ணியில பத்து செகண்ட் முக்கி, எடுத்து டிஷ்யூ மேல வைங்க. தண்ணியிலயே ஊற விட்டா அடியில இருக்குற பசை கரைஞ்சு போகும். ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தள்ளுனா வழுக்கணும், வழுக்கலன்னா இன்னும் பொறுங்க. ஒட்டுற இடத்துல செட்டர் தடவி, காகிதத்துலருந்து டீக்கல நேரா அங்கயே தள்ளி விடுங்க, ஈர பிரஷ்ஷால இடத்துக்கு நகத்துங்க. நடுவுலருந்து ஓரத்துக்கு பஞ்சுக் குச்சிய உருட்டி தண்ணிய வெளியேத்துங்க, தேய்க்கக் கூடாது. அப்புறம் மேல சாஃப்டர் ஒரு பூச்சு.

இப்ப டீக்கல் சுருங்கும், பொரிச்ச அப்பளம் மாதிரி நெளியும். பயந்துராதீங்க, கை வைக்காதீங்க. நான் கை வச்சேன், இறக்கையில இருந்த நட்சத்திரம் ரெண்டாப் போச்சு. எழுந்து போய் மெகி போட்டு சாப்ட்டுட்டு வாங்க, திரும்ப வர்றப்ப அதுவா இறங்கி பேனல் கோட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கும். அதுக்கப்புறமும் எங்கயாவது வெள்ளி தெரிஞ்சா ஊசியால நாலு குத்து, அது மேல ஒரு சொட்டு சாஃப்டர், சாயங்காலமும் அதையே ஒரு தடவ செய்ங்க.

கடைசி மேட் கிளியர் கேன்ல இருந்து வர்றது லாக்கர்னா (கரைப்பான் வீரியமான வகை) ஒரேயடியா நனைய அடிக்காதீங்க, டீக்கல கரைச்சிடும். தூரத்துலருந்து தூவல் மூணு நாலு, நடுவுல பத்துப் பத்து நிமிஷம். காஞ்சதும், பெயிண்ட் படாம காக்பிட் கண்ணாடிய மூடியிருந்த மாஸ்கிங் டேப்ப உரிங்க.

அப்புறம் சேத்தது

கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து ஒரு தம்பி, "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ஈரப்பதம் கம்மியா இருந்த நேரத்துலதான் அடிச்சேன், அப்பயும் வெளுத்துடுச்சு"ன்னு கேட்டிருந்தாரு. விசாரிச்சா மாடல ராத்திரி பூரா ஏர்கான் ரூம்ல வச்சிருந்து நேரா பால்கனிக்குக் கொண்டு வந்து அடிச்சிருக்காரு. மாடலே ஐஸ் கிளாஸா இருந்திருக்கு! அடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சிருங்க, ஸ்ப்ரே கேனையும் சேத்து.

இன்னொருத்தர் ஜெட் வால் குத்தி உக்காந்துடுதுன்னாரு. மூக்குக்குள்ள பாரம் வைக்கணும், மீன்பிடி சாமான் கடையில ஈயக் குண்டு சில்லறை விலைக்குக் கிடைக்கும், உடம்ப மூடுறதுக்கு முன்னாடி ஒட்டிருங்க. மூடுனதுக்கு அப்புறம் ஞாபகம் வந்தா, நான் ரெண்டாவது ஜெட்டுக்கு செஞ்ச மாதிரி முன் சக்கரத்த பலகையோட சேத்து ஒட்டிட்டு ஓடுபாதைன்னு சொல்லிக்க வேண்டியதுதான், அக்கா மகன் இன்னும் கண்டுபுடிக்கல.