ரேட்டிங்கைத் தவறாகப் படிக்காதீர்கள்

சதுரங்கத்தில் ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் குறிக்கும் ரேட்டிங் குறைவாக உள்ளவர் வென்றால் உடனே அதை அதிர்ச்சி முடிவு என்று எழுதிவிடுகிறோம். அர்பாத் எலோ வகுத்து, 1970இல் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட இந்த முறையில், இருவருக்கிடையேயான புள்ளி வேறுபாடு காட்டுவது எதிர்பார்க்கத்தக்க சராசரியை மட்டுமே. ரேட்டிங்கில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் எடுப்பார்; வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று டிராக்களும் சேர்ந்த கணக்கு அது என்பதால், 76 ஆட்டங்களை வெல்வார் என்று பொருள்கொள்வது பிழை. நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்தில் நடந்தபோது, 2684 புள்ளி பெற்றிருந்த குகேஷ், 2783 பெற்றிருந்த ஃபேபியானோ கருவானாவை வென்றார். கருவானாவிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ 64 விழுக்காடு ஆட்டப்புள்ளிதான். அதற்கு முந்தைய ஏழு ஆட்டங்களையும் குகேஷ் வென்றிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

வளரும் சிறுவர்களின் ரேட்டிங்கை அவர்களுடைய இன்றைய பலமாகக் கொள்வது இதைவிடப் பெரிய தவறு. 2400ஐ ஒருமுறை தொட்டவருக்கு, சமமான எதிராளியை வென்றாலும் 5 புள்ளிதான் கூடும்; ஆட்டத்தில் அவர் எவ்வளவு வேகமாக முன்னேறினாலும் எண் பின்தங்கியே வரும். கொரோனாக் காலத்தில் நேரடிப் போட்டிகள் நின்றுபோனதால் அந்த இடைவெளி இன்னும் விரிந்தது. அதே ஒலிம்பியாட்டில் தரநிலையில் முதலிடம் பெற்றிருந்த அமெரிக்கா ஐந்தாமிடத்துக்கு இறங்கியது. 14ஆவது இடத்திலிருந்த உஸ்பெகிஸ்தான், 17 வயது அப்துசத்தோரோவையும் 16 வயது சிந்தாரோவையும் கொண்டு தங்கம் வென்றது.

எதிர்த்திசையிலும் எண் ஏமாற்றும். வர்ஜீனியா சிறையில் பெரும்பாலும் சக கைதிகளுடனேயே ஆடிய கிளாட் பிளட்குட், 1996இல் 2702 புள்ளியுடன் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் ரேட்டிங் பட்டியலில் இரண்டாமிடத்தை எட்டினார். மூடிய வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப ஆடினால் புள்ளிகள் வெளியுலகத்தோடு ஒப்பிடப்படாமலே ஒருவரிடம் குவியும். ஆகவே எத்தனை புள்ளி என்று கேட்பவர்கள், யாருடன் ஆடிப் பெற்றவை என்றும் கேட்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழிருந்தவர்களின் புள்ளிகளை ஒரே தடவையில் உயர்த்தியது. 1600 இருந்தவர் ஓர் ஆட்டமும் ஆடாமல் 1760 ஆனார். பிள்ளையின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து மகிழ்வதோ பிற பிள்ளைகளோடு ஒப்பிடுவதோ பொருளற்றது. லிச்செஸ் போன்ற, இணையத்தில் சதுரங்கம் ஆடும் தளங்களின் புள்ளிகளும் தனிக் கணக்கில் வருபவை. அவற்றை ஃபிடே எண்ணோடு ஒப்பிட முடியாது.

எண்ணை இப்படித் தவறாகப் படிப்பதால் பலகையில் நேரும் இழப்புதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. எதிராளியின் எண் பெரிது என்பதற்காக, ஆட்டக்காரர்கள் வெல்லும் நிலையிலேயே டிரா கேட்டுவிடுகிறார்கள். எண் சிறிது என்றால், சரியில்லாத தாக்குதலைத் துணிந்து தொடுத்துத் தோற்கிறார்கள். எதிராளியின் பெயர் தெரிந்தவுடன், எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாக அவர் கடைசியாக ஆடிய சில போட்டிகளின் ஆட்டங்களைத் தேடி எடுத்து, எந்தத் தொடக்கத்தை ஆடுகிறார், நேர நெருக்கடியில் எப்படித் தடுமாறுகிறார் என்று பாருங்கள்.