ஷார்ட்பிரெட் பார்: மேல்மாவைத் துருவிப் போடுங்கள்

ஜாம் வைத்த ஷார்ட்பிரெட் பார் (வெண்ணெய் சேர்த்த பிஸ்கட் மாதிரியான துண்டு) செய்யும்போது, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவில் மூன்றில் ஒரு பங்கை உருட்டி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். மீதியைத் தட்டில் அழுத்திப் பரப்பி, 180 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் பேக் செய்து ஜாம் தடவுங்கள். அதன்மேல் உறைந்த உருண்டையை கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவித் தூவி, பொன்னிறமாகும் வரை மறுபடி பேக் செய்யுங்கள். மேலே தூவத் தனி மாவு பிசையும் வேலையே இல்லை.

குளிர்ந்து இறுகிய வெண்ணெய் மெதுவாகத்தான் இளகும். அதனால் துருவல் ஒரே படலமாக ஒட்டிக்கொள்ளாமல் இழை இழையாக நின்று மொறுமொறுப்பாகும். ஜாமிலிருந்து எழும் ஆவியும் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். தூவிய துருவலைக் கையால் அழுத்திவிடாதீர்கள், அந்த இடுக்குகள்தான் முக்கியம். உருண்டையை பட்டர் பேப்பரால் பிடித்துத் துருவினால் கைச்சூட்டில் இளகாது.

எண்ணெய் ஊற்றிப் பிசைந்த மாவுக்கு இது சரிவராது; துருவும் அளவுக்கு அது இறுகாது. ஜாமுக்குப் பதில் மாம்பழம், அன்னாசி மாதிரி சாறுள்ள பழத்தைப் போடுவதானால், சர்க்கரையும் ஒரு ஸ்பூன் சோளமாவும் (கார்ன்ஃப்ளார்) சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, நன்றாக ஆறவைத்த பிறகே பரப்புங்கள். பச்சையாகப் போட்டால் அடிமாவு நமுத்துவிடும்.