பொதுப் பூங்கா அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூங்காத் திட்டம் பெரும்பாலும் சாமான் பட்டியலில்தான் தொடங்குகிறது: இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நடுவில் நீரூற்று. அங்கே யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை என்று பார்ப்பதற்குள் வரைபடம் தயாராகிவிடும். முதல் தவறு இதுதான். ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். இரண்டிலும் காலை முதல் இரவு வரை வருவோரின் வயது, ஆணா பெண்ணா, என்ன செய்கிறார்கள் என்று எண்ணிக் குறியுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை மட்டும் நம்பினால் உரக்கப் பேசுபவர்களுக்கான பூங்காதான் கிடைக்கும். தாமதமாக வீடு திரும்புவோர், கைக்குழந்தை வைத்திருப்போர், கூட்டத்தில் பேசப்படும் மொழி தெரியாதோர் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும்.

ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது, பையன்கள் அப்படிக் குறைவதில்லை என்று 1990களில் வியன்னாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஒரே பெரிய மைதானம் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்பவர்களுக்கே அது சொந்தமாகிவிடுகிறது. 1999இல் அந்நகரில் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். பாதைகளைக் கூட்டினார்கள், திறந்தவெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், கைப்பந்து, இறகுப்பந்து ஆட இடம் விட்டார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஆடுகளத்துக்கு வேலி போட்டால் அகலமான வாசல் குறைந்தது இரண்டு வையுங்கள். ஒரே வாசல் என்றால் அதில் நிற்கும் நான்கு பேர் போதும், மற்றவர்கள் உள்ளே போகத் தயங்குவார்கள்.

சாய்தளம் என்று ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்ற நினைப்பு அடுத்தது. 1:12க்கு மேல், அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பதற்கு மேல், செங்குத்தாக இருக்கக் கூடாது. 60 செ.மீ. ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 3 மீட்டரில் முடித்தால் அது 1:5. சக்கர நாற்காலியில் தனியாக ஏறவே முடியாது, பின்னால் தள்ளுபவருக்கும் ஆபத்து. மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளமும், இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் பாதையையே 1:20 சரிவில் கொண்டுபோவது எல்லோருக்கும் நல்லது, படியும் தேவைப்படாது. இத்தனையும் செய்துவிட்டு, பைக் நுழையக் கூடாதென்று வாசலில் குறுகலான கம்பித் தடுப்பு வைத்து சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்துகிறார்கள். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். அதைக் காவலாளிதான் தடுக்க முடியும், கம்பியால் ஆகாது. பாதை 1.8 மீட்டர் அகலம் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும். உதிரிச் சரளை வேண்டாம், சக்கரம் புதையும்.

விளையாட்டுப் பகுதியில் ஊஞ்சலைத்தான் அதிகம் தப்பாக வைக்கிறார்கள். ஊஞ்சல் தொங்கும் கம்பி 2.4 மீட்டர் உயரம் என்றால் முன்னும் பின்னும் அதைப்போல் இருமடங்கு, அதாவது 4.8 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். அதன் குறுக்கே பாதை போனால் ஓடிவரும் குழந்தை அடிபடும். ஏறி விளையாடும் சாதனங்களைச் சுற்றி 1.8 மீட்டர் விடுங்கள். இறுகிய மண்ணின் மேல் வளர்ந்த புல், குழந்தை விழும்போது படும் அடியைத் தாங்காது. மரச்சீவல் தாங்கும், ஆனால் ஊஞ்சலுக்கு அடியில் சிதறிப் பள்ளமாகும், அடிக்கடி நிரப்ப வேண்டும். ரப்பர் தளத்தில் சக்கர நாற்காலி ஓடும், வெயிலில் கால் சுடும். நிழல் இல்லாத இடத்தில் போடாதீர்கள்.

பெஞ்ச் 45 செ.மீ. உயரத்தில், முதுகுச்சாய்வும் கைப்பிடியும் சேர்ந்து இருக்கட்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்த முதியவர் எழ முடியாது. பாதையோரப் புதர் முழங்கால் உயரத்தைத் தாண்டாமலும், கிளைகள் ஆளுயரத்துக்கு மேலேயும் இருந்தால் தூரத்திலிருந்தே ஆள் தெரியும். எத்தனை விளக்கு போட்டாலும் புதர் மறைத்தால் பயன் இல்லை.

குப்பை வண்டி உள்ளே வர 3 மீட்டர் அகல வாசல் ஒன்றும், அதன் எடையைத் தாங்கும் பாதை ஒன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி புல்தரையில் ஏறும், கீழே போகும் தண்ணீர்க் குழாய் உடையும்.