ரிஷிகேஷில் முதல் ராஃப்டிங்: ஏறும் முன்னும், விழுந்த பின்னும்

"எனக்கு நீச்சலே தெரியாது, ராஃப்டிங் போகலாமா?" காற்றடைத்த ரப்பர் படகில் (ராஃப்ட்) துடுப்புப் போட்டு ஆற்றின் வேகத்தோடு இறங்கும் இந்த விளையாட்டைப் பற்றிப் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தாராளமாகப் போகலாம். உண்மையில், கிணற்றிலும் குளத்திலும் நன்றாக நீந்திப் பழகியவர்களிடம்தான் கைடுகள் அதிகம் கத்த வேண்டியிருக்கிறது. காரணம் பிறகு வருகிறது.

1. எங்கே ஏறுவது

தேவப்ரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை ஆகின்றன. அங்கிருந்து ரிஷிகேஷ் வரை மலையிடுக்கு வழியாகத்தான் ஆறு இறங்குகிறது. பிரம்மபுரியில் ஏறினால் ரிஷிகேஷுக்குச் சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியில் 16, கௌடியாலாவில் 36. முதல்முறை என்றால் சிவபுரி. பிரம்மபுரி, கை பழகுவதற்குள் முடிந்துவிடும். கௌடியாலா வழியில் 'தி வால்' என்ற ரேபிட் (ஆறு பாறைகளுக்கு நடுவே அலையடித்துச் சீறிப் பாயும் இடம்) இருக்கிறது. ரேபிட்களை எளிதான 1 முதல் மிகக் கடினமான 6 வரை தரம் பிரிப்பார்கள், அது 4-ஆம் தரத்துக்குக் குறையாது. அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் ராஃப்டிங் கிடையாது. எனக்குப் பிடித்தது அக்டோபர் கடைசி: கலங்கல் தெளிந்து தண்ணீர் பச்சையாக ஓடும். எந்த மாதம் போனாலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும், பனிமலையிலிருந்து வருவது.

2. உடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும்

ஜீன்ஸ், துப்பட்டா, ஹவாய் செருப்பு மூன்றும் வேண்டாம். சீக்கிரம் காயும் அரைக்கால் சட்டை, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு போதும். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும், நண்பரை விட்டு அதன் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு, மறுபடி இறுக்குங்கள். ஒருமுறை எனக்கு வந்த ஜாக்கெட்டில் ஒரு பக்கிள் உடைந்திருந்தது. "இதுவே போதும் சார்" என்றார்கள். மாற்றித் தரும்வரை நான் ஏறவில்லை. கூச்சப்படாதீர்கள்.

3. துடுப்பு

உட்கார வேண்டியது ராஃப்டின் உள்ளே அல்ல, ஓரத்து டியூபின் மேல். பாதத்தைக் குறுக்கு டியூபின் அடியில் செருகிக்கொண்டால் பிடிமானம் கிடைக்கும். ஒரு கை துடுப்பின் நுனியில் உள்ள டி வடிவப் பிடியை விடவே கூடாது. அது சும்மா ஆடினால் பக்கத்தில் இருப்பவர் பல்லுக்கு ஆபத்து.

கைடு "ஃபார்வர்ட்" என்றால் முன்னோக்கித் துழாவுவது, "பேக்வர்ட்" என்றால் பின்னோக்கித் துழாவுவது, "ஸ்டாப்" என்றால் நிறுத்தம், "கெட் டவுன்" என்றால் உள்ளே சரிந்து கயிற்றைப் பிடிப்பது. அலை முகத்தில் அறையும்போது கை தானாக நின்றுவிடும். அப்போதுதான் துழாவ வேண்டும். வேகம் இழந்த ராஃப்டை அலை இஷ்டத்துக்குத் திருப்பிப்போடும்.

4. விழுந்தால்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள் நம் ஊரில். இங்கே ஆழம் தெரிந்தாலும் விடக்கூடாது. குளத்தில் நீந்தியவருக்குத் தரை தட்டுப்பட்டதும் எழுந்து நிற்கத் தோன்றும். ஓடும் ஆற்றில் அப்படி நின்றால் பாதம் பாறை இடுக்கில் மாட்டும், பின்னாலிருந்து வரும் வேகம் ஆளை முன்னால் குப்புறத் தள்ளி அமுக்கும். முழங்கால் ஆழமே அதற்குப் போதும்.

அதனால் மல்லாந்து மிதந்தபடி இருங்கள். கால்கள் ஆறு ஓடும் திசையில், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியட்டும். எதிர்ப்படும் பாறையைப் பாதத்தால் உதைத்து விலகலாம். மூச்சை அலைகளுக்கு நடுவே இழுங்கள், அலை உச்சியில் வாயை மூடுங்கள்.

உங்களை இழுக்கக் கயிற்றுப் பை (உள்ளே நீளக் கயிறு அடைத்த சிறு பை) வீசினால் பையை அல்ல, கயிற்றைப் பிடியுங்கள். அதைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ராஃப்ட் கவிழ்ந்து நீங்கள் அடியில் இருந்தால், இரு கைகளாலும் அதைத் தள்ளியபடி ஒரே திசையில் நகருங்கள். சில நொடிகளில் வெளிச்சம் வந்துவிடும்.

5. ஒத்திகை

ரேபிட்களுக்கு நடுவே ஆறு அமைதியாகும் இடத்தில், விருப்பமுள்ளவர்களைக் கைடு தண்ணீரில் இறங்கச் சொல்வார். இறங்குங்கள். இரண்டு நிமிடம் மல்லாந்து மிதந்து பாருங்கள். திரும்ப ஏற்றும்போது உங்கள் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். கரையில் இறுக்கச் சொன்னேனே, அந்தப் பட்டைகள்.